ஓட்ட எண்

தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த ஆறுமுகநயினாருக்குப் பயம் ஜாஸ்தி. அது ஊரறிந்த சங்கதி. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் பேரருவியில் ஒரு தடவைகூடத் தலையைக் கொடுத்தது கிடையாது. சீசனுக்கு உறவுக்காரர்கள் வந்தால் எல்லாரையும் குளிக்க அனுப்பிவிட்டு, துணிமணிக்குக் காவல் இருக்கிறேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார். எதிரே மாடு வந்தால் சந்தில் ஒதுங்குவார். சூப்பர்வைசர் கனைத்தால் காதில் மாட்டிய கருவி நழுவும்.

சுரண்டையிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பாலம்மாளுக்கு இது பெரிய குறையாக இருந்தது. அவள் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் தனியாகக் காவல் படுத்து எழுந்தவள். புருஷனுக்கும் சேர்த்துத் தானே பேச வேண்டியிருக்கிறதே என்று மனசுக்குள் பொருமுவாள். ஆனாலும் நல்ல மனுஷன். வைது ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் நயினார் சாப்பிட்ட கையோடு குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவதைப் பார்த்தாள். எங்கே என்று கேட்டால் "ஹபீபுல்லா அண்ணாச்சி லாட்ஜுக்கு" என்று மட்டும் சொல்வார். சீட்டாட்டமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஒருநாள் கூடவே கிளம்பிவிட்டாள்.

சீசன் முடிந்து லாட்ஜ் காலியாகக் கிடந்தது. மாடியில் ஒரு நீள மேஜை. அதைச் சுற்றி மூன்று பேர்: நயினார், லாட்ஜ் சொந்தக்காரர் ஹபீபுல்லா, நயினாரோடு பள்ளிக்கூடத்தில் படித்துக் கப்பலில் வேலைக்குப் போன ஞானதுரை. மேஜையில் சீட்டு இல்லை. பல முகம் கொண்ட, கலர் கலரான பகடைகள் கிடந்தன.

"என்ன அண்ணாச்சி, சூதாட்டமா?" என்று நேராகவே கேட்டாள்.

ஹபீபுல்லா விழுந்து விழுந்து சிரித்தார். "காசு கிடையாது தங்கச்சி. இது கதை ஆட்டம். உக்காந்து பாரு. புடிக்கலன்னா உன் மாப்பிள்ளையக் காதப் புடிச்சு இழுத்துட்டுப் போயிரு."

எழுபத்தெட்டில் ஞானதுரை ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த பெட்டி அது. உள்ளே மெல்லிசாகச் சில ஆங்கிலப் புத்தகங்கள். ஆட்டம் இதுதான்: ஒருவர் நடுவர். அவர் ஒரு தேசத்தை, காட்டை, குகையை வாயாலேயே கட்டுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் நடப்பார்கள். வழியில் பூதமும் கூளியும் எதிர்ப்படும். வெட்டு விழுந்ததா, தப்பித்தானா என்பதைப் பகடை சொல்லும். நயினார்தான் நடுவர். வெளியில் பேச்சே வராத மனுஷன் அந்த மேஜையில் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார்.

அவர் பேர் வாங்கியது கூளிகளைச் சொல்வதில். புத்தகத்திலிருந்த வெள்ளைக்காரப் பூதங்களை எல்லாம் எடுத்துக் குற்றால மலைக்குப் பொருத்தமாக மாற்றியிருந்தார். வழுக்குப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசிக்கூளி. பலா மரத்தில் தலைகீழாகத் தொங்கும் தோலன். ஒவ்வொன்றுக்கும் உடல் பலம் எத்தனை, கவசம் எத்தனை என்று எண்கள் உண்டு. கடைசியாக ஓர் எண் உண்டு. அதற்கு ஓட்ட எண் என்று அவர்கள் பேர் வைத்திருந்தார்கள். கூளிக்கு அடிபட்டதும் நடுவர் இரண்டு பகடை உருட்டுவார். கூட்டுத்தொகை ஓட்ட எண்ணைத் தாண்டினால் கூளி பயந்து ஓடிவிடும்.

அந்த ஓட்டத்தை நயினார் சொல்லும்போது பாலம்மாளுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். பாசிக்கூளி எப்படி முதலில் இமை கொட்டும், எப்படிக் கால் விரல்களைப் பாறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும், எப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்காமல் ஓடும் என்று சொல்வார். பயத்தை உள்ளும் புறமும் அறிந்த மனுஷனால்தான் அப்படிச் சொல்ல முடியும். அடுத்த வாரமே பாலம்மாளும் ஒரு வில்லுக்காரியாக ஆட்டத்தில் சேர்ந்தாள். ஹபீபுல்லா ஆடியது சுல்தான் மரைக்கான் என்ற கப்பல் தலைவனாக. ஞானதுரை ஒரு திருடன். அவன் கப்பலுக்குப் போய்விட்டால் அவனுடைய திருடன் ஏதாவதொரு குகையில் தூங்குவான். லீவில் வந்ததும் எழுந்துகொள்வான்.

இப்படியே வருஷங்கள் போயின.

எண்பத்தைந்து சித்திரையில் ஞானதுரை ஊருக்கு வந்தபோது கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகத்தை மேஜைமேல் வைத்தான்.

"இனி பழசு செல்லாதுலே. உலகம் பூரா இதத்தான் ஆடுதான். புது விதி."

புது விதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இவர்களுடைய கூளிகள் இல்லை. எல்லாவற்றையும் பழைய எண்ணிலிருந்து புது எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். நயினாருக்கு அந்த மாதம் காலை ஷிப்டு. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு வேலையில் உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னல் வழியே பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்தது.

பாதி வேலை சுலபமாக முடிந்தது. பழைய விதியில் கவச எண் குறையக் குறைய பலம். புது விதியில் கூடக் கூட பலம். இருபதிலிருந்து கழித்தால் போதும் என்று பாலம்மாள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். உடல் எண்ணைப் பெருக்கினார்கள். நகத்தின் கூர்மைக்கும் பல்லின் விஷத்துக்கும் கட்டங்கள் இருந்தன. நயினார் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"பாலா, இங்கன பாரு. ஓட்ட எண்ணுக்குக் கட்டமே இல்ல."

"வேற பேர்ல போட்டிருப்பான். நல்லாப் பாருங்க."

இரண்டு பேரும் பார்த்தார்கள். எங்குமே இல்லை. நயினார் முகம் வாடிப்போயிற்று. சாயங்காலம் வந்த ஞானதுரையிடம் கேட்டார்.

"அத வெள்ளைக்காரனே தூக்கிட்டாம்லே. கூளி எதுக்குப் பயப்படணும்? இனி சாவுற வரைக்கும் நின்னு அடிக்கும். ஆட்டம் எப்படிப் பத்திக்கிட்டு எரியப்போகுதுன்னு பாரு."

அவன் போனபிறகு பாலம்மாள் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினாள். பின்பக்கத்தில் ஒரு விதி இருந்தது. கூளியைக் கண்டவுடன் வீரன் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் அவன் கை நடுங்கும், கால் பின்வாங்கும், ஓடவும் வேண்டியிருக்கும்.

"பயத்த எடுக்கல, பாத்தீயளா. கூளிகிட்டருந்து பிடுங்கி எங்க பக்கம் தள்ளிட்டான்," என்றாள். "நம்ம கூளிக்கு மட்டும் பழைய எண்ண வச்சுக்கிடுவோமே. யார் வந்து கேக்கப்போறா?"

"சரிதான்," என்றார் நயினார். ஆனால் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ரப்பரை எடுத்து ஓட்ட எண்களை ஒவ்வொரு கூளியாக அழித்துக்கொண்டே போனார். பாசிக்கூளியினுடையதைக் கடைசியாக அழித்தார். ரப்பர் தூளை வாயால் ஊதினார். அது பறந்து பாலம்மாளின் முழங்கையில் ஒட்டியது.

"வச்சுக்கிடுவோம்னு சொன்னேனே?"

"வேண்டாம் பாலா. ஒண்ணாவது ஓடாம நிக்கட்டும்," என்றார். குரலில் ஒரு மாதிரி ஆசை தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது விதியில் ஆடினார்கள். சுல்தான் மரைக்கான் பாசிக்கூளியின் தோளில் வெட்டினான். பழைய நாளாக இருந்தால் அது இமை கொட்டியிருக்கும். இப்போது ஒன்றும் நடக்கவில்லை.

"வெட்டின கை தொங்குது. அது அதப் பாக்கவே இல்ல. முன்னால வருது," என்றார் நயினார்.

வில்லுக்காரி அம்பு விட்டாள். கண்ணில் தைத்தது. "வருது," என்றார். மரைக்கான் மறுபடி வெட்டினான். "வருது."

ஹபீபுல்லாவின் பகடை தோற்றது. மரைக்கான் கை நடுங்கி வாளைத் தவறவிட்டான். பாசிக்கூளி அவனை அணைத்துக்கொண்டு அருவிக்குள் சாய்ந்தது. ஏழு வருஷமாக ஹபீபுல்லா வளர்த்த ஆள். அவர் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும் என்று முனகிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பாலம்மாள் பார்த்தாள். நயினார் பார்க்கவில்லை.

"அது ஓடவே இல்ல, பாத்தியா?" என்றார் அவளிடம். முகம் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் மாற ஆரம்பித்தார்.

முதலில் பாலம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தியபோது நயினார் எழுந்து நின்று, "மெதுவாப் பேசுங்க சார், லைன்ல ஆள் இருக்கு," என்றாராம். கூட வேலை பார்க்கிறவரின் மனைவி சொல்லிக் கேள்விப்பட்டாள். அவளைச் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிச் சாலையின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டார். காற்றில் முந்தானை பறந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆடி மாதம் ஒருநாள் விறகுக் கட்டுக்குள்ளிருந்து பாம்பு வந்தது. விரியன். முன்பென்றால் அவர் கட்டில்மேல் ஏறி அவளைக் கூப்பிட்டிருப்பார். இப்போது குனிந்து, வெறுங்கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அது வாலால் அவர் முழங்கையைச் சுற்றியது. அவர் அதன் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார்.

"ஐயோ, கீழ போடுங்க! போடுங்கன்னு சொல்லுதேன்!"

"எதுக்குக் கத்துத? அதுக்குப் பயம் இருக்கான்னு பாக்குதேன்," என்றார். பிறகு கொல்லைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டு, கை கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பாலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

செங்கோட்டை ரயில் வரும் நேரத்தில், கேட் மூடியிருக்கையில், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தை நிதானமாகக் கடந்தார். கேட்கீப்பர் ஓடிவந்து கெட்ட வார்த்தை சொன்னான். நயினார் நின்று அவனுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார், இன்னும் தண்டவாளத்தின் மேலேயே நின்றுகொண்டு.

பாலம்மாளுக்கு வேறொன்று நடந்தது. ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போது கை நடுங்கியது. கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவு தாழ் போட்டதா என்று போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் சந்தேகம் வந்து மறுபடி போவாள். மார்க்கெட்டில் மாடு வந்தபோது தன்னையறியாமல் சந்தில் ஒதுங்கினாள். அங்கே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, நானா இப்படி என்று அழுதாள்.

வாடகை வீட்டுச் சொந்தக்காரி மூக்கம்மாள் பார்த்துவிட்டுக் கேலி செய்தாள். "என்னட்டி, புருசன் பயத்த எல்லாம் நீ வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். பாலம்மாளுக்கு அது மனசில் தைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டாள். "உங்களுக்கு என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லுங்க."

நயினார் வெகு அன்பாகத்தான் பதில் சொன்னார். "ஒண்ணும் ஆகல. சின்னதுலருந்து நெஞ்சுக்குள்ள ஒருத்தன் உக்காந்து ஓடு, ஓடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். இப்ப அவன் இல்ல. அந்த எண்ண அழிச்சன்னைக்கு எந்திரிச்சுப் போயிட்டான். எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

"எங்க போனான்?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதே," என்றார்.

மறுநாள் லாட்ஜுக்குப் போய், ஹபீபுல்லாவோடு இருந்த ஞானதுரையிடம் சொன்னாள். அவன் கப்பலுக்குத் திரும்பாமல் லீவை நீட்டித்திருந்தான். "நல்லதுதான மதினி? இத்தன வருசம் பயந்தாங்கொள்ளின்னு நீங்கதான் வருத்தப்பட்டீய," என்று சிரித்தான். ஹபீபுல்லா சிரிக்கவில்லை. மரைக்கான் போனதிலிருந்து அவர் பேச்சைக் குறைத்திருந்தார்.

"ஒண்ணு செய்வோம் தங்கச்சி. வாற ஞாயித்துக்கிழம பழைய விதியில ஆடுவோம்னு சொல்லுதேன். பழைய புஸ்தகம் என்கிட்டதான் இருக்கு. எனக்காக ஆடுவான்."

நயினார் மறுப்புச் சொல்லவில்லை. உட்கார்ந்தார். பழைய எண்களைப் பாலம்மாளே ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தாள். மழைக்கு முந்தைய இறுக்கம். மாடி ஜன்னலுக்கு வெளியே அருவி மெலிந்து சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. பாசிக்கூளி வந்தது. வில்லுக்காரியின் அம்பு தைத்தது. நயினார் இரண்டு பகடையை உருட்டினார். பதினொன்று.

"ஓட்டம்!" என்றார் ஹபீபுல்லா உற்சாகமாக. "சொல்லும் வே, எப்படி ஓடுது?"

நயினார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பகடையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பரீட்சையில் விடை மறந்தவன் போல் உட்கார்ந்திருந்தார்.

"அது... நிக்குது," என்றார்.

"பதினொண்ணு விழுந்திருக்கு. ஓடியாகணும்."

"தெரியுது அண்ணாச்சி. ஆனா எப்படி ஓடும்னு எனக்கு மறந்துபோச்சு."

ஹபீபுல்லா பகடைகளை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். ஞானதுரைகூட முதல் தடவையாகச் சிரிப்பை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்த்திகை பிறந்தது. ஐயப்ப சாமிமார் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு வண்டி வண்டியாகக் குற்றாலத்தில் இறங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நயினார், "இன்னைக்குப் பேரருவில குளிக்கணும்," என்றார். பாலம்மாள் தடுத்துப் பார்த்தாள். தலைவலி என்றாள், காய்ச்சல் என்றாள். "நீ வீட்டுல இரு, நான் ஞானதொரையோட போறேன்," என்றார். அவரைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கூடவே பஸ் ஏறினாள்.

அருவி அளவாக, வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. மேலே வெயில்கூட இருந்தது. மலை உச்சியில் மட்டும் கறுப்பாக ஒரு மூட்டம் அசையாமல் நின்றது. நயினாரும் ஞானதுரையும் ஆண்கள் பக்கம் போனார்கள். பாலம்மாள் குளிக்கவில்லை. பெண்கள் பக்கத்து ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹபீபுல்லா லாட்ஜ் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, குடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

முதலில் வந்தது வாசனை. மக்கிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாடை. பிறகு காய்ந்த சருகு கொத்துக் கொத்தாக விழுந்தது. தண்ணீரின் ஓரம் டீ நிறமாகியது. பக்கத்தில் குளித்தவர்கள் தலையில் சுள்ளி விழுந்ததென்று சிரித்தார்கள். பாலம்மாள் மட்டும் மலை உச்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளம்!" என்று கத்தினாள். "எல்லாரும் வெளிய வாங்க! வெள்ளம் வருது!"

அவள் கத்திய கத்தலில் பெண்கள் பக்கம் கலைந்தது. அதன்பிறகுதான் போலீஸ்காரரின் விசில் கேட்டது. ஆண்கள் பக்கமும் முண்டியடித்துக்கொண்டு ஓடியது. ஞானதுரை சாமிமார்களைத் தள்ளிக்கொண்டு கோயில் பக்கமாக ஓடினான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடி முடித்த இடத்தில் நயினார் மட்டும் நின்றார். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். தண்ணீர் அவர் தோளில் விழுந்து சிதறியது. கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலம்மாள் அவரைப் பார்த்துவிட்டாள். ஓடு, ஓடு என்று நெஞ்சுக்குள் யாரோ சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவள் கம்பியைப் பிடித்துப் பிடித்து எதிர்த்திசையில் போனாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"வாங்க! செத்துப்போவோம்! வாங்க!"

"இரு பாலா," என்றார், தெருவில் நின்று பேசுவதைப் போல. "எதுக்கு எல்லாரும் ஓடுதாக? வரட்டும், பாப்போம்."

அவள் அவரை அறைந்தாள். அவர் அதற்கும் கோபப்படவில்லை. அப்போது மேலிருந்து சத்தம் மாறியது. அருவி சாம்பல் நிறச் சுவராக முன்னால் வந்தது. அதோடு ஒரு மரத்துண்டும் கற்களும் விழுந்தன. ஒரு கல் அவர் தொடையில் இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். கம்பியிலிருந்து அவர் கை விட்டது. அவள் அவரை விடவில்லை. ஹபீபுல்லாவும் நாலைந்து சாமிமாரும் கைகோர்த்து, ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி, அவள் கூந்தலையும் சேலையையும் பிடித்து இழுத்தார்கள். அவளோடு சேர்ந்து அவரும் கரைக்கு வந்தார்.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் கால் எலும்பைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். பிழைத்தது ஆண்டவன் செயல் என்றார்கள். நினைவு திரும்பும்போது மனுஷன் பயந்து அலறுவார், அழுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று பாலம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். அந்த அலறலுக்காகச் சாமியெல்லாம் கும்பிட்டாள்.

நயினார் கண் திறந்து புன்னகை செய்தார். "நடுவுல ஒரு தடவ பாறை முழுசாத் தெரிஞ்சுது பாலா. பாசியே இல்ல," என்றார்.

ஞானதுரை பார்க்க வராமலே கப்பலுக்குப் போய்விட்டான். பழைய புத்தகம், புதுப் புத்தகம், பகடை எல்லாவற்றையும் ஹபீபுல்லா லாட்ஜ் பாய்லரில் போட்டு எரித்ததாகச் சொன்னார். மாடியறையைப் பூட்டிவிட்டார்.

அருவியும் ஆறும் இல்லாத ஊராகப் பாலம்மாள் தேடினாள். திருவேங்கடத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கரிசல் பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியும் கம்பும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு. நயினார் வேலையை விட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். லாரி வருகிறதா என்று பார்க்காமல் ரோட்டைக் கடப்பார். கிணற்றடியில் விளிம்பில் உட்கார்ந்து முகம் சவரம் செய்வார். அவருக்கும் சேர்த்துப் பயப்படுவது அவளுக்குப் பழகிப்போய்விட்டது. இரண்டு பேருக்கான பயத்தைச் சுமந்துகொண்டு வகுப்பில் நின்று பாடம் நடத்தினாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இதற்குமேல் ஒன்றும் வராது என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சொரிமுத்து என்று ஒரு டிராயிங் மாஸ்டர். சின்ன வயசு, சாது. உயரம் என்றால் ஆகாது. சுவரில் படம் மாட்ட ஸ்டூலில் ஏறச் சொன்னாலே வேர்த்துவிடும். "டீச்சர், நீங்க கொஞ்சம் ஏறுங்களேன்," என்று கெஞ்சுவார். பாலம்மாளுக்கு அவரைப் பார்த்தால் பழைய நயினார் ஞாபகம் வரும். அதனாலேயே அவர்மேல் ஒரு பிரியம்.

ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஆண்களின் செருப்புகள் கிடந்தன. உள்ளே நயினாரின் குரல், மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் வரும் அந்தக் குரல், கேட்டது.

"வெட்டின கை தொங்குது. அது அதப் பாக்கவே இல்ல. முன்னால வருது."

கதவைத் தள்ளினாள். சொரிமுத்துவும் இன்னும் இரண்டு வாத்தியார்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பகடைக்குப் பதிலாகக் குலுக்கி எடுக்க எண் எழுதிய துண்டுக் காகிதங்கள் ஒரு டம்ளரில் கிடந்தன. புத்தகம் ஒன்றும் இல்லை. விதி முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது.

"வாங்க டீச்சர்," என்று சொரிமுத்து நிமிர்ந்தார். "ரெண்டு மாசமா ஆடுதோம், சார் உங்ககிட்டச் சொல்லவே இல்லியா? இவ்வளவு நல்ல ஆட்டம் நான் பாத்ததே இல்ல."

சொரிமுத்துவின் முகம் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தது.

பாலம்மாள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். டம்ளரைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். நயினார் தடுக்கவில்லை. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கனிவோடு பார்த்தபடி இருந்தார். "அவன் பாவம் பாலா, எப்பப் பாத்தாலும் பயந்து பயந்து செத்துக்கிட்டிருந்தான்," என்றார்.

திங்கட்கிழமை காலை அவள் ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். மைதானத்தில் பிள்ளைகள் கும்பலாக நின்று மேலே கை காட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய உயரமான தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில், எதையும் பிடிக்காமல், வெள்ளைச் சட்டை காற்றில் படபடக்கச் சொரிமுத்து நின்றார். கீழே பார்த்துப் பிள்ளைகளுக்குக் கை அசைத்தார்.

"டீச்சர்!" என்று அவளைக் கண்டு சந்தோஷமாகக் கூப்பிட்டார். "இங்கருந்து எவ்வளவு தூரம் தெரியுது தெரியுமா?"

பாலம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அவருக்கு வர வேண்டிய மயக்கம் முழுவதும் அவளுக்கு வந்தது. தொட்டியும் வானமும் சுற்றின. ஒரு பெரிய பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்பு ஏணியின் முதல் படியைப் பிடித்தாள்.